கொய்யாக் கிளையில் பிரிந்து தொங்கும் தேனீக் கூட்டம்: பெட்டியில் விட்டால் நிற்குமா?

தோப்புவீடு எழுதியது:

குமரி மாவட்டம், தக்கலை பக்கம். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பெட்டி, இரண்டிலும் இந்தியத் தேனீ. மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு இன்று காலை வெயில் வந்தது. பத்தரை மணிக்கு ஒரு பெட்டியிலிருந்து ஈக்கள் கொட்டிக் கிளம்பி, பத்து நிமிடம் வானத்தில் சுற்றிவிட்டு, இருபதடி தள்ளியிருக்கும் கொய்யா மரத்தில் உட்கார்ந்துவிட்டன. தரையிலிருந்து எட்டடி உயரம். கூட்டம் பலாப்பிஞ்சு அளவு இருக்கும்.

கையில் இருப்பது: காலி நியூட்டன் பெட்டி (ஏழு சட்டம் பிடிக்கும் மரப்பெட்டி) ஒன்று, ஈ அடை கட்டுவதற்கான புதுச் சட்டங்கள், ராணி வாயில் தகடு (வேலைக்கார ஈ போகலாம், ராணி போக முடியாத துளை உள்ளது), தலைவலை, புகைப்பான். போன மாதம் இதேபோல வந்த ஒரு கூட்டத்தைப் பிடித்துப் பெட்டியில் விட்டேன். மூன்றாம் நாள் பெட்டி காலி. இந்த முறை அப்படி ஆகக் கூடாது.

1. இப்போதே பிடிக்கணுமா, சாயங்காலம் வரை விடலாமா?
2. பிடித்தபின் ஓடாமல் இருக்க என்ன செய்யணும்?
3. பிரிந்துபோன தாய்ப்பெட்டியை அப்படியே விட்டுவிடலாமா?

கதம்பைப்புகை எழுதியது:

இப்போதே பிடியுங்கள். தொங்குகிற கூட்டம் உங்கள் கொய்யாவில் குடியிருக்க வரவில்லை, வழியில் இளைப்பாறுகிறது. வேவு ஈக்கள் பொந்து தேடிப் போயிருக்கும். நல்ல இடம் கிடைத்து, கூட்டத்தின் மேல் வந்து ஆடும் ஈக்கள் எல்லாம் ஒரே இடத்தைச் சொல்லத் தொடங்கினால் சில நிமிடத்தில் மொத்தமும் எழும்பிவிடும். அது இன்று மதியமே நடக்கலாம், இரண்டு நாள் கழித்தும் நடக்கலாம். பிடிப்பது இப்போது, பெட்டியில் விடுவது சாயங்காலம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

உங்கள் பெட்டியிலிருந்து வந்ததைக் கண்ணால் பார்த்ததால் இனத்தில் சந்தேகம் இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எங்கிருந்தோ வந்து மரத்தில் தொங்குவது மலைத்தேனீயாகவும் இருக்கலாம். இடம் மாறும் காலத்தில் அதுவும் இப்படித்தான் கொத்தாகத் தங்கிப் போகும். ஈ நம் பெட்டி ஈயைவிட நன்றாகப் பெரிசு. கை தட்டினாலோ நிழல் விழுந்தாலோ கொத்தின் மேல்பரப்பில் அலை அலையாக ஒரு நடுக்கம் ஓடும். அதைத் தொடவே கூடாது. பெட்டிக்குள் அது குடியிருக்கவும் செய்யாது.

பிடிக்கும் விதம். அடர்த்தியாக முடைந்த மூங்கில் கூடை அல்லது வாயகன்ற துணிப்பை, கை தெளிப்பானில் வெறும் தண்ணீர், ஒரு வெள்ளை வேட்டி, ஏணி, ஏணியைப் பிடிக்க இன்னொரு ஆள். முதலில் கூட்டத்தின் மேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். மழைத்தூறல் என்று நினைத்து இறுக்கிக்கொள்ளும், பறப்பது குறையும். நனைந்து சொட்டும் அளவுக்கு வேண்டாம்.

கிளை விரல் கனம் என்றால் வெட்டுக் கத்தரியால் நறுக்கி, கொத்தோடு பைக்குள் இறக்கிவிடலாம். கனமான கிளை என்றால் பையின் வாயைக் கொத்துக்கு அடியில் கொண்டுபோய், கொத்தின் பாதி உள்ளே இருக்கும்போது கிளையை ஒரே ஒரு உலுக்கு. மெதுமெதுவாக நாலைந்து தடவை ஆட்டினால் ஈக்கள் சிதறி எழும்பும், ராணியும் எழும்பிவிடும். உலுக்கவே முடியாத இடம் என்றால் கூடையைக் கவிழ்த்துக் கொத்தின் தலைக்கு மேல் தொடுகிற மாதிரி பிடித்து, அடியிலிருந்து மெலிதாகப் புகை காட்டினால் இருட்டைத் தேடி மேலே ஏறும். அரை மணி நேரம்கூட ஆகலாம், பொறுமை வேண்டும். தேங்காய்க் கதம்பைப் புகையே போதும், நெடி அடிக்கும் எதையும் எரிக்காதீர்கள். தொங்கும் கொத்தின் மேல் நேரே புகையைக் கொட்டினால் அது இன்னும் உயரமான கிளைக்குப் போய்விடும். புகைக்கு வேலை அவ்வளவுதான்.

பிறகு வேட்டியைத் தரையில் விரித்து, கூடையைக் கவிழ்த்து, ஒரு ஓரத்தில் குச்சி கொடுத்து இரண்டு விரல் சந்து விடுங்கள். மேலே நிழல் வேண்டும். இருபது நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். சந்தின் ஓரத்தில் ஈக்கள் பின்பக்கத்தைத் தூக்கி, தலையை உள்பக்கம் வைத்துச் சிறகடித்தால் ராணி உள்ளே இருக்கிறாள். அந்த வாசனையைப் பிடித்து மற்றவை நடந்தே வந்து சேரும். கூடையிலிருந்து திரும்பக் கிளைக்குப் போகின்றன என்றால் ராணி கிளையிலேயே நின்றுவிட்டாள், மறுபடி ஏறுங்கள். கிளையில் வாசனை ஒட்டியிருப்பதால் பத்திருபது ஈக்கள் அங்கேயே சுற்றும். அந்த இடத்தைக் கொய்யா இலையால் அழுத்தித் துடைத்துவிட்டால் போதும்.

பிரிந்து வரும் கூட்டம் வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு வருவதால் பெரும்பாலும் கொட்டாது. ஆனால் இரண்டு நாள் மழையில் தொங்கிப் பட்டினி கிடந்த கூட்டம் கொட்டும். கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் புகை காட்டுங்கள். கொடுக்கிலிருந்து வரும் எச்சரிக்கை வாசனை பழுத்த வாழைப்பழம் மாதிரி இருக்கும், அது மற்ற ஈக்களையும் அழைக்கும். (வாழைப்பழம் தின்றுகொண்டே பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்வது இதற்குத்தான்.) கொட்டிய இடம் வீங்குவது சாதாரணம். உடம்பு முழுக்கத் தடிப்பு, மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் ஏணி, கூடை எல்லாவற்றையும் போட்டுவிட்டு 108.

ஏழுசட்டம் எழுதியது:

மேலே சொன்னபடி செய்தால் கூட்டம் கைக்கு வந்துவிடும். போன தடவை உங்களுக்குப் பிடிப்பதில் தவறு இல்லை, அடுத்த மூன்று நாளில்தான் தவறு. வெறும் புதுச் சட்டம் வைத்த காலிப் பெட்டியில் விட்டீர்களா? அதுதான் காரணமாக இருக்கும். இந்தியத் தேனீக்கு இடம் பிடிக்கவில்லை என்றால் சண்டை போடாது, கிளம்பிவிடும். அதைக் கட்டிப்போடுவது மூடாத புழுதான், அதாவது அறை இன்னும் மெழுகால் மூடப்படாத இளம் புழு.

இன்னொரு பெட்டி இருக்கிறதே, அதிலிருந்து ஒரு சட்டம் எடுங்கள். முட்டையும் இளம் புழுவும் இருக்கணும், ராணி இருக்கக் கூடாது, ராணி அறை (புது ராணி வளரும் நீண்ட அறை) இருக்கக் கூடாது. ஒட்டியிருக்கும் ஈக்களை அந்தப் பெட்டிக்குள்ளேயே மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, சட்டத்தை மட்டும் கொண்டுவாருங்கள். எடுப்பதற்கு முன் புழுக்களை நன்றாகப் பார்க்கணும். அறைக்குள் நிமிர்ந்து நீண்டு, தலை கறுத்து, ஊசியால் எடுத்தால் தண்ணீர்ப் பை மாதிரி முழுசாக வந்தால் அது சாக் புரூட் வைரஸ் நோய். 1991-92ல் தென்னிந்தியப் பெட்டிகளைக் காலி செய்தது அந்த நோய்தான். அப்படி ஒரு புழு தென்பட்டாலும் அந்தச் சட்டம் வேண்டாம்.

பெட்டிக்குள் வைக்கும் வரிசை: நடுவில் புழுச் சட்டம், இரண்டு பக்கமும் அடைத்தாள் (அறை வடிவம் பதித்த மெழுகுத் தாள்) ஒட்டிய சட்டம் ஒவ்வொன்று, ஓரத்தில் இன்னொன்று. மொத்தம் நாலு போதும். மீதி இடத்தைத் தடுப்புப் பலகையால் மூடுங்கள். ஏழு சட்டத்தையும் போட்டால் சின்னக் கூட்டம் சூட்டைக் காக்க முடியாது. அடைத்தாள் இந்தியத் தேனீக்கான சிறிய அறை அளவாக இருக்கணும். இத்தாலியத் தேனீத் தாளை ஒட்டினால் அறை பெரிசு, கோணல்மாணலாகக் கட்டும். பழைய கறுத்த அடையை "வாசனை இருக்கும்" என்று வைக்காதீர்கள். இந்த ஈ பழைய அடையைக் கடித்துக் கீழே தள்ளும், அந்தத் தூளில் மெழுகுப் பூச்சி முட்டையிடும்.

விடுவது சூரியன் இறங்கியபின், ஆறு மணிக்கு மேல். பெட்டியை வைக்க வேண்டிய இடத்தில் முதலிலேயே வைத்துவிட்டு, சட்டங்களைச் சற்று விலக்கி, கூடையை ஒரே தட்டில் உள்ளே கொட்டி, சட்டங்களை மெதுவாகச் சேர்த்து மூடிவிடுங்கள். வாசல் இரண்டு ஈ நுழையும் அளவு போதும்.

சர்க்கரைப் பாகு: சர்க்கரையும் தண்ணீரும் எடைக்கு எடை. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சர்க்கரையைக் கலக்கி ஆறவிடணும். பாகை அடுப்பில் வைத்துக் கருக்கினால் ஈக்கு வயிற்றுப்போக்கு வரும். தினம் இருட்டியபின் 200 மில்லி, ஐந்தாறு நாள். சிரட்டையில் ஊற்றி நாலைந்து ஈர்க்குச்சி போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். குச்சி இல்லை என்றால் விழுந்து சாகும். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தக் கூடாது, சிந்தினால் மறுநாள் உங்கள் இன்னொரு பெட்டி ஈக்களே கொள்ளையடிக்க வந்துவிடும். கொள்ளை தொடங்கிய புதுக் கூட்டம் நிற்காது.

மற்றவை தெரிந்ததுதான், ஆனால் ஒன்று தப்பினாலும் ஓடும். தாங்கிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம், எறும்பு ஏறக் கூடாது. உச்சிவெயில் படக் கூடாது. புது வார்னிஷ், பெயிண்ட் வாசனை கூடாது. முக்கியமாக, நீங்கள் திறக்கக் கூடாது. ஐந்து நாள் வாசலை மட்டும் பாருங்கள். காலில் மகரந்தத்தோடு ஈ உள்ளே போனால் குடி ஊன்றத் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

ராணி வாயில் தகட்டை முதல் ஐந்து நாளுக்குப் போடுங்கள். ராணி வெளியே வர முடியாவிட்டால் கூட்டம் கிளம்பினாலும் திரும்பி வந்துவிடும்.

தோப்புவீடு எழுதியது:

மிக்க நன்றி அண்ணா, இருவருக்கும். பன்னிரண்டு மணிக்குள் கூடைக்கு வந்துவிட்டது. ஓரத்தில் நின்று சிறகடித்ததையும் பார்த்தேன். ஆறரைக்குப் பெட்டியில் விட்டாச்சு, இரண்டாம் பெட்டியின் புழுச் சட்டம் நடுவில் இருக்கிறது. பாகு வைத்தாச்சு, ராணி வாயிலும் போட்டாச்சு. புதுப் பெட்டி வீட்டின் மேற்குப் பக்கம் இருக்கிறது.

நாலு மணிக்குத் தாய்ப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். அடைகளின் அடி விளிம்பில் ஏழு ராணி அறை. எல்லாம் மூடியவை, எதுவும் திறக்கவில்லை. அதில் இரண்டின் நுனி மட்டும் பழுப்பாக, மெழுகு சுரண்டின மாதிரி இருக்கிறது. எல்லாவற்றையும் வெட்டிவிடவா?

கிழக்குவாசல் எழுதியது:

வெட்டாதீர்கள்! பழைய ராணி வெளியே போய்விட்டாள். ஏழையும் வெட்டினால் தாய்ப்பெட்டிக்கு ராணியே இல்லை.

நீங்கள் எழுதியதில் இரண்டு நல்ல சேதி, ஒரு அவசரம். ஒரு அறைகூடத் திறக்கவில்லை என்பதால் போன கூட்டத்தில் இருப்பது முட்டையிடும் பழைய ராணி. ஆகவே ராணி வாயில் போட்டது சரி. மேலே ஏழுசட்டம் அண்ணன் இதைப் பொதுவாகச் சொல்லிவிட்டார், அதில்தான் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. இரண்டாவதாகப் பிரியும் கூட்டத்தில் இருப்பவள் கன்னி ராணி. அவள் மதிய நேரத்தில் வெளியே பறந்து ஆண் ஈக்களோடு சேர்ந்து வந்தால்தான் முட்டையிடுவாள். அந்தப் பெட்டிக்கு ராணி வாயில் போட்டால் அவள் உள்ளேயே அடைபட்டு வீணாகிப்போவாள். போன மாதம் பிடித்தது எந்த ராணியோ. இனிமேல் கூட்டத்தைப் பிடித்த அன்றே தாய்ப்பெட்டியைத் திறந்து அறைகளைப் பாருங்கள். மூடி திறந்த அறை ஒன்று இருந்தால்கூடக் கன்னி ராணி என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத கூட்டம் என்றால் வாயிலே வேண்டாம், புழுச் சட்டத்தை மட்டும் நம்புங்கள். பழைய ராணிக்கும் ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம், ஆண் ஈக்கள் வெளியேற முடியாமல் வாசலில் குவிந்து செத்து வழியை அடைக்கும்.

அவசரம் என்னவென்றால் அந்தப் பழுப்பு நுனி. வழக்கமாக முதல் ராணி அறையை மூடிய ஒன்றிரண்டு நாளில் கூட்டம் பிரியும், அதன்பின் கன்னி ராணி வெளிவர ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கும். உங்களுக்கு மழை தடுத்துவிட்டது. பிரிய வேண்டிய கூட்டம் உள்ளேயே காத்திருக்க, அறைகள் முற்றிவிட்டன. நுனி மெழுகை வேலைக்கார ஈக்கள் சுரண்டிவிட்டால் ஒன்றிரண்டு நாளில் ராணி வெளிவருவாள். வந்தபின் மிச்ச அறைகள் அப்படியே இருந்தால் அவளும் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்புவாள், அடுத்தவளும் கிளம்புவாள். கடைசியில் பெட்டியில் ஒரு கைப்பிடி ஈ மிஞ்சும்.

நாளைக் காலையே திறந்து, பழுப்பு நுனி உள்ளதில் நேராக, நீளமாக, நன்றாக மேடுபள்ளம் விழுந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை நுனிக்கத்தியால் எடுத்துவிடுங்கள். அந்த அறை உள்ள சட்டத்தைக் குலுக்காதீர்கள், சாய்க்காதீர்கள். உள்ளே இருக்கும் ராணிக்குச் சிறகு முடங்கிவிடும். மற்றச் சட்டங்களில் ஈயைத் தட்டிவிட்டு விளிம்பு, மூலை எல்லாம் பாருங்கள். கொத்தாக நிற்கும் ஈக்களுக்கு அடியில்தான் எட்டாவது அறை ஒளிந்திருக்கும்.

இதோடு ஒரு வேலை, இன்று இரவே செய்யலாம். தாய்ப்பெட்டியை அதன் இடத்திலிருந்து நாலடி பக்கவாட்டில் நகர்த்தி, வாசலை வேறு திசைக்குத் திருப்பிவையுங்கள். மேற்குப் பக்கம் வைத்த புதுப் பெட்டியைக் கொண்டுவந்து தாய்ப்பெட்டி இருந்த அதே இடத்தில், அதே திசை பார்த்து வையுங்கள். பிரிந்து வந்த கூட்டம் இன்னும் புது இடத்தைப் பழகவில்லை, முதல் ராத்திரி நகர்த்தினால் ஒன்றும் ஆகாது. நாளை தாய்ப்பெட்டியிலிருந்து மேயப் போகும் ஈக்கள் பழகிய இடத்துக்கே திரும்பி, புதுப் பெட்டிக்குள் போகும். ஒரே குடும்பம், ஒரே ராணி, சண்டை வராது. புதுப் பெட்டி பலப்படும், தாய்ப்பெட்டியில் பறக்கும் ஈ குறைவதால் இரண்டாவது பிரிவுக்கு ஆளே இருக்காது. பாக்டன் முறை என்று சொல்வார்கள். ஒரு வாரம் கழித்துத் தாய்ப்பெட்டியைப் புதுப் பெட்டியின் மறுபக்கத்துக்கு மாற்றினால் அதற்குள் பறக்கப் பழகிய ஈக்களும் அதேபோல வந்து சேரும்.

தாய்ப்பெட்டியில் ஈ மூடாத அடைகளை எடுத்துவிடுங்கள், மெழுகுப் பூச்சிக்கு அது விருந்து. இரண்டு நாளைக்குத் தண்ணீர், மகரந்தம் கொண்டுவர ஆள் குறைவு, அதற்கும் கொஞ்சம் பாகு வேண்டும்.

ஏழுசட்டம் எழுதியது:

கன்னி ராணி விஷயம் சரிதான், நான் சேர்த்துச் சொல்லியிருக்கணும்.

ஆனால் ஒரே அறை விடுவதில் எனக்குப் பயம் உண்டு. உள்ளே பூச்சி செத்திருந்தால் வெளியிலிருந்து தெரியாது. இரண்டு விடலாம், ஒரே சட்டத்தில் பக்கம் பக்கமாக. முதலில் வருபவள் மற்ற அறையைத் துளைத்து உள்ளே இருப்பவளைக் கொன்றுவிடுவாள்.

கிழக்குவாசல் எழுதியது:

பலம் குறைந்த பெட்டியில் கொல்வாள். பலமான பெட்டியில் வேலைக்கார ஈக்கள் அவளை அந்த அறைக்கு அருகில் விடாமல் காவல் காக்கும், பிறகு இரண்டாவது கூட்டம்தான். பெட்டியை இடம் மாற்றி ஈயைக் குறைத்துவிட்டால் இரண்டு விடுவதில் தவறில்லை. மாற்றாவிட்டால் ஒன்றுதான்.

தோப்புவீடு, இரண்டு மூன்று நாளில் அறையைப் பாருங்கள். நுனி வட்டமாக வெட்டி மூடி போலத் தொங்கினால் ராணி நல்லபடியாக வெளிவந்தாள். பக்கவாட்டில் ஓட்டை என்றால் அது கொல்லப்பட்ட அறை. அதன்பின் இரண்டு வாரம் தாய்ப்பெட்டியைத் திறக்காதீர்கள். சேர்க்கைக்குப் போய்வரும் ராணி, நடுவில் கலைத்தால் பெட்டி தவறிப் பக்கத்துப் பெட்டிக்குள் போய்ச் சாவதும் உண்டு. இருபதாம் நாளுக்குள் முட்டை இல்லை என்றால் எழுதுங்கள்.

கதம்பைப்புகை எழுதியது:

பருவத்தையும் சேர்த்து யோசியுங்கள். இது கார்த்திகை. ரப்பர் இலை உதிர்ந்து தளிர்த்து, இலைக்காம்பில் தேன் சுரப்பது தை கடைசியிலிருந்து பங்குனி வரை. இப்போது பிடித்த கூட்டம் பாகும் மகரந்தமும் கிடைத்தால் அதற்குள் தேன் அறை (தேன் சேர்க்க மேலே வைக்கும் பெட்டி) வைக்கும் அளவுக்கு வந்துவிடும். இதே கூட்டம் தை மாதம் பிரிந்திருந்தால், தேன் வேண்டும் என்பவர் அதைத் தாயோடு சேர்த்துவிடுவதே நல்லது. வேண்டாத ராணியை எடுத்துவிட்டு, பலமான பெட்டிமேல் செய்தித்தாள் ஒன்றை விரித்து, ஊசியால் ஏழெட்டுத் துளை போட்டு, மேலே மற்றப் பெட்டியை இருட்டும் நேரத்தில் வைத்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் தாளைக் கடித்துக்கொண்டு ஒன்றாகிவிடும்.

தோப்புவீடு எழுதியது:

ஆறாம் நாள். கூட்டம் நிற்கிறது! அன்று ராத்திரியே இடம் மாற்றிவைத்தேன், மறுநாள் காலை ஒரு அறையை மட்டும் விட்டேன். அதன் நுனி வட்டமாகத் திறந்திருக்கிறது. புதுப் பெட்டியில் மகரந்தம் போகிறது. ராணி வாயிலை எடுத்துவிட்டு இன்று முதல்முறையாகத் திறந்தேன். இரண்டு சட்டத்தில் உள்ளங்கை அகலம் புது அடை கட்டியிருக்கிறது. ராணி கண்ணில் படவில்லை. முட்டை இருக்கிறது, ஆனால் சில அறைகளில் இரண்டு இரண்டு முட்டை. ராணி போய் வேலைக்கார ஈ முட்டையிடுகிறதோ?

ஏழுசட்டம் எழுதியது:

முட்டை அறையின் அடித்தளத்தில், நடுவில் நிற்கிறதா, பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறதா? வேலைக்கார ஈயின் வயிறு குட்டை, அடிவரை எட்டாது. சுவரில் ஒட்டியும், ஒரே அறையில் நாலைந்தாகவும், ஒழுங்கில்லாமல் சிதறியும் இருந்தால் அதுதான். ஆறு நாளில், அதுவும் மூடாத புழு கொடுத்த பெட்டியில் அது வருவது அரிது. அப்படி இருந்தால் நீங்கள் வைத்த புழுச் சட்டத்தில் அவசர ராணி அறை (ராணியை இழந்த ஈக்கள் கட்டுவது) கட்டியிருக்கும். சட்டத்தின் நடுப்பரப்பிலிருந்து நிலக்கடலைத் தோடு மாதிரி தொங்கும்.

தோப்புவீடு எழுதியது:

அடித்தளத்தில்தான் நிற்கிறது. இரண்டும் பக்கம் பக்கமாக. புழுச் சட்டத்தில் ராணி அறை எதுவும் இல்லை.

ஏழுசட்டம் எழுதியது:

அப்படியென்றால் ராணி இருக்கிறாள், இடம்தான் இல்லை. கட்டிய அடை போதாமல் ஒரே அறையில் இரண்டு முறை இடுகிறாள். கூடுதல் முட்டையை ஈக்களே எடுத்துவிடும். பாகை இன்னும் ஒரு வாரம் தொடருங்கள், அடை கட்ட மெழுகு அதிலிருந்துதான் வரணும். தாய்ப்பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருக்கும், ஈ மூடாத அடைகளில் நிறம் வெளுத்த ஒன்றை மெழுகுப் பூச்சி இல்லையா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, புழுச் சட்டத்துக்கு அடுத்து வையுங்கள். தடுப்புப் பலகையை ஒரு சட்ட அகலம் தள்ளினால் போதும். இன்று கொடுக்கும் முட்டை ஈயாக வெளிவர மூன்று வாரம் ஆகும். அதுவரை கூட்டம் சுருங்கிக்கொண்டே வருவது போலத் தெரியும், அதைப் பார்த்துவிட்டு மறுபடி மறுபடி திறக்க வேண்டாம்.